கன்னத்தில் ஒதுக்கிய வேர்த்துண்டு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கந்தசஷ்டி நேரம் நடந்தது இது. மொன்ட்ரியலில் மரங்கள் இலையெல்லாம் கொட்டி முடித்து, முதல் பனி இன்றைக்கோ நாளைக்கோ என்று வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. நாங்கள் அங்கே வில்லரே பகுதியில் ஒரு பழைய மாடிவீட்டின் நடுத்தட்டில் இருக்கிறோம். எனக்கு எழுத்துப் பழக்கம் கிடையாது. திருகோணமலையில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் இதை எழுதாமல் விட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன் என்று பட்டதால் எழுதுகிறேன்.

என் கணவர் கோயிலில் புராணம் படிப்பவர். எங்கள் பக்கத்துப் புராணப் படிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார். அவர் நிறுத்தியதும் மற்றவர் பயன் சொல்வார், அதாவது பொருளை விளக்குவார். இவர் படிப்பவர். பயன் சொல்பவர் ஒரு மட்டக்களப்பு அண்ணை. இவரைவிட மூத்தவர், பகிடிக்காரர். சஷ்டி நாட்களில் பின்னேரம் படிப்பு நடக்கும். கடைசி நாள் சூரன் வதை. ஒரு உணவகத்தின் பின்கட்டில் பல வருடம் பாத்திரம் கழுவி, முதுகு போய், வீட்டோடு இருக்கிற மனுசன் இவர். இந்த ஊரில் இவர் வாய் திறந்தால் நாலு பேர் காது கொடுக்கிற இடம் அது ஒன்றுதான். மற்ற நாளில் பஸ் டிரைவருக்குப் "போன்ஜூர்" சொல்லவே தயங்குவார். புராணப் புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆள்.

அந்த வருடம் சஷ்டி நெருங்கும்போது இவருக்கு வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. தொண்டை கட்டி, தேத்தண்ணி கேட்டாலே தகரத்தில் ஆணி இழுப்பது போல இருந்தது. குடும்ப வைத்தியர் பார்த்துவிட்டு, நெஞ்சில் சளி இல்லை, தானே போகும் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அது தானே போகிற மட்டும் சூரன் காத்திருக்க மாட்டானே. இவர் வழக்கம்போல அதிமதுரக் குச்சியை வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் சாமியறையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் அது எப்போதும் இருக்கும். பாடுகிறவர்கள், படிக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். விரத நாளிலும் ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். அது சாப்பாடு அல்ல, விரதம் முறியாது என்பது எங்கள் கணக்கு.

நான் நகரின் நடுவே ஒரு ஹோட்டலில் துணி மடிக்கிற வேலை செய்கிறேன். வேலை முடிந்து மெட்ரோவுக்கு நடக்கும் வழியில் சீனக் கடைத்தெரு இருக்கிறது. அதில் ஒரு மூலிகைக் கடை. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டும்போது ஒரு மணம் வரும். சுக்கு, கறுவாப்பட்டை, காய்ந்த தோடம்பழத் தோல், பழைய மரப்பெட்டி எல்லாம் சேர்ந்த மணம். எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் பின்னேரம், இவருடைய இருமல் காதுக்குள் நிற்க, உள்ளே போய்விட்டேன்.

சுவர் முழுவதும் சின்னச் சின்ன இழுப்பறைகள். அவற்றின் முன்னால், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு சீனத்து அம்மா. எழுபதைத் தொட்டிருப்பார். எங்கள் இருவருக்கும் பொதுப் பாஷை பிரெஞ்சு. அவருக்குத் தெரிந்ததையும் எனக்குத் தெரிந்ததையும் கூட்டினாலும் ஒரு முழு வசனம் தேறாது. ஆகவே அவர் சொன்னவற்றை நான் விளங்கிக்கொண்டபடி என் தமிழிலேயே எழுதுகிறேன்.

இருமலுக்கு ஏதாவது தாருங்கள் மதாம் என்றேன். யாருக்கு என்றார். கணவருக்கு என்றதும், ஆளைக் கூட்டிக்கொண்டு வா, பார்க்காமல் தரமாட்டேன் என்று கையை விரித்தார். இவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். போனில் படத்தோடு பேசலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டுச் சரியென்றார். வீட்டில் இவர் எடுத்தார். நாக்கை நீட்டச் சொல்லுகிறார் என்றேன்.

"என்ன, சீனாக்காரிக்கு நான் நாக்கை நீட்டுறதோ? உமக்கு விசரே?"

"குரல் வேணுமெண்டால் நீட்டுங்கோ. வேண்டாமெண்டால் அண்ணையைப் படிக்கச் சொல்லுவம்."

நீட்டினார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டு, போனைக் கிட்டப் பிடித்து, எங்கள் ஊர்க் கண் டாக்டர் பார்ப்பதைவிடக் கவனமாக அந்த நாக்கைப் பார்த்தார். பிறகு கேள்விகள் தொடங்கின. சளியில் இரத்தம் உண்டா, காய்ச்சல் உண்டா, நெஞ்சு நோகிறதா, சிறுநீரகம் எப்படி, என்ன குளிசை எடுக்கிறார். பிரஷர் குளிசை என்றேன். அப்படிச் சொன்னால் போதாது, போத்தலைக் காட்டு என்றார். இவரைக் கொண்டே போத்தல்களைப் படத்தில் காட்டவைத்தேன். ஒன்று பிரஷருக்கு. மற்றது அந்தக் கோடையில் புதிதாகச் சேர்த்த, சலம் போகிற குளிசை, அதாவது சிறுநீரைக் கூடப் போகவைப்பது. அதன் பெயரை வாசித்தபோது அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்டார். உங்கள் நாட்டு வேர், தூள், இலை என்று வேறு ஏதாவது எடுக்கிறாரா?

இல்லை என்றேன். மறைத்துச் சொல்லவில்லை. உண்மையிலேயே இல்லை என்றுதான் நினைத்தேன்.

அவர் இழுப்பறைகளைத் திறக்கத் தொடங்கினார். ஒன்றிலிருந்து காய்ந்த பூச்சிக் கூடு போல ஏதோ எடுத்தார். கேட்டால், மரத்தில் இருந்து கத்துகிற பூச்சி கழற்றிவிட்ட தோலாம். குரல் கட்டுக்கு நல்லதாம். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். விரத வீடு, நாங்கள் சைவம், மச்சம் மாமிசம் ஒன்றும் ஆகாது என்று கையாலும் வாயாலும் விளங்கப்படுத்தினேன். அவர் கோபிக்கவில்லை. பூச்சித் தோலைத் திரும்ப வைத்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து மற்றவற்றைத் தொட்டார். அந்தக் கை கழுவலிலேயே என் மனம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. சாமந்தி போன்ற சின்னப் பூக்கள், தோடம்பழத் தோல், ஏதோ ஒரு வெள்ளை வேர், பிறகு கோதுடைந்த ஒரு உருண்டைக் காய். எல்லாவற்றையும் சின்னப் பொதிகளாகக் கட்டித் தந்து, நாளுக்கு ஒன்றைத் தேயிலை போல அவித்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். சில நாளில் சுகமில்லாவிட்டால் என்னிடம் வராதே, டாக்டரிடம் போ என்றும் சொன்னார். கடைக்காரர் ஒருவர் தன்னிடம் வராதே என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடித்தார். ஆனால் அந்தக் காயினால் தண்ணீர் இனித்தது. சஷ்டி தொடங்கும்போது இருமல் அடங்கி, குரல் திறந்துவிட்டது. முதல் நாள் படிப்பில் இவர் எடுத்த எடுப்புக்குக் கோயில் நிமிர்ந்து உட்கார்ந்தது. சீனத்து அம்மாவுக்கும் சேர்த்து ஒரு கற்பூரம் கொளுத்தினேன்.

இரண்டாம் நாள் படிப்பு முடிந்து எழும்பும்போது இவரால் எழும்ப முடியவில்லை. சம்மணம் கட்டிய கால் அப்படியே கிடந்தது. "என்ன தம்பி, சூரனுக்கு முதல் நீர் விழுந்திட்டீர்" என்று அண்ணை பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். விறைப்பு என்று நினைத்தோம். மறுநாள் காலை குளியலறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கெண்டைக்கால் முறுக்குகிறது, நெஞ்சுக்குள் ஏதோ குருவி அடிப்பது போல இருக்கிறது என்றார். நான் காத்திருக்கவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் பொட்டாசியம் என்ற உப்பு மிகவும் குறைந்துவிட்டதாம். பிரஷரோ ஏறிக்கிடக்கிறதாம். இளம் டாக்டர் ஒரு பெண்பிள்ளை, பொறுமையாகக் கேட்டார். சாப்பாடு எப்படி, வாந்தி உண்டா, மூலிகை ஏதாவது எடுக்கிறாரா? விரதத்தைச் சொன்னேன். சீனக் கடைத் தண்ணீரையும் சொன்னேன். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது, நிறுத்துங்கள், அடுத்த முறை அந்தப் பொதியைக் கொண்டுவாருங்கள் என்றார். நியாயமான பேச்சு. ஊசி ஏற்றி, மறுநாள் உப்புக் குளிசையும் தந்து, விரதத்தை விடச் சொல்லி, திரும்ப இரத்தம் பார்க்க வரச்சொல்லி அனுப்பினார்கள்.

லொங்குய்யில் இருக்கிற மகள் ஓடிவந்தாள். வந்ததும் என்னோடுதான் சண்டை.

"அம்மா, யாரோ தெருவில வித்ததை வாங்கி அப்பாக்குக் குடுத்திருக்கிறீங்கள். அவருக்கு ஏதும் நடந்திருந்தால்?"

இவருடைய உயிரை நானே ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று நானும் நினைத்தேன். மகள் மிச்சத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினாள். அவிக்காமல் கிடந்த ஒரு பொதியை மட்டும், டாக்டர் கேட்டாரே என்று எடுத்து என் கைப்பைக்குள் வைத்தேன்.

இவர் விரதத்தை விட்டுவிட்டார். பால், வாழைப்பழம், கஞ்சி எல்லாம் குடித்தார். உப்புக் குளிசையையும் தவறாமல் போட்டார். ஆனால் கடைசி நாள் படிப்பை விடுவதாக இல்லை. உட்கார்ந்து வாசிக்கிறதற்குக் கால் எதற்கு என்று கேட்டார். சீனத் தண்ணீரை நிறுத்தியதால் தொண்டை திரும்பக் கரகரத்தது. அதற்காக அதிமதுர டப்பாவைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டார். "ஊர்ச் சாமான் இருக்க, பிறகேன் எங்களுக்குச் சீனாச் சாமான்" என்றார். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. நானே டப்பாவை நிரப்பி வைத்தேன்.

சூரன் வதையன்று காலை பார்த்தால் கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தது. கஞ்சிக் கோப்பையைத் தூக்கும்போது கை நடுங்கியது. ஒன்றுமில்லை, பயத்தில் உமக்கு அப்படித் தெரிகிறது என்றார். மத்தியானம் கழிந்து அண்ணை காரில் வந்து கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. எனக்கு வேலை இருந்தது. வேலையில் கை துணி மடித்தது, மனம் மடியவில்லை. சீனத் தண்ணீரை நிறுத்தி நாளாகிவிட்டதே, இன்னும் ஏன் கால் வீங்குகிறது? அந்த அம்மா என்ன விஷத்தைப் போட்டார், இத்தனை நாள் உடம்புக்குள் நிற்க? மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, வேளைக்கே வெளிக்கிட்டு, நேரே கடைக்குள் போய் அந்தப் பொதியை மேசையில் வைத்தேன். இதில் என்ன போட்டாய் என்று கேட்டேன். குரல் ஏறித்தான் இருந்தது. கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், பொதியைப் பார்த்தார். வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, பொதியை அதில் கொட்டி, ஒவ்வொன்றையும் விரலால் தனித்தனியே ஒதுக்கினார். இது பூ. இது தோல். இது வேர். இது காய். பிறகு, என்ன நடந்தது, சொல் என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன். கால் எழும்பாமல் போனது, நெஞ்சு அடித்தது, பொட்டாசியம், வீக்கம். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. பயந்த முகம் அல்ல. எதையோ தேடுகிற முகம். எழும்பிப் போய், கைக்கு எட்டிய உயரத்தில் இருந்த ஒரு பெரிய இழுப்பறையைத் திறந்து, மஞ்சள் நிறமான, சரிவாகச் சீவிய மெல்லிய வேர்ச் சீவல்கள் இரண்டை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் இதைப் போடேல்லை. எங்கட மருந்தில முக்கால்வாசிக்கு இது போடுவம். ஆனால் உன்ர மனுசன் சலம் போற குளிசை எடுக்கிறார். அவருக்கு இது ஆகாது. அதாலதான் விட்டனான். இப்ப நீ சொல்லுறதைப் பாத்தால், ஆரோ அவருக்கு இதைத்தான் குடுக்கினம்."

அப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை என்றேன். ஒன்றை வாயில் போட்டுப் பார் என்றார்.

போட்டேன். பல்லில் பட்டதும் அந்த இனிப்பு வந்தது. சீனியின் இனிப்பு அல்ல. தொண்டை வரை இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்கிற இனிப்பு. எங்கள் சாமியறை இனிப்பு. எங்களுடையது குச்சி, அவருடையது சீவல். எங்களுடையது விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவருடையது இழுப்பறைக்குள் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். தலைமாட்டு டப்பாவை அன்று காலைதான் நிரப்பிவிட்டு வந்திருந்தேன்.

இது எங்கள் வீட்டிலும் இருக்கிறது, இவர் வாயில் போட்டுச் சப்புகிறார் என்றேன். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். எவ்வளவு தின்கிறார் என்று கேட்டார். நாள் முழுக்க வாயில் இருக்கும் என்றேன். அவர் தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, இப்போதே போன் போடு, துப்பச் சொல்லு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு என்றார். போட்டேன். போன் நின்றிருந்தது. படிக்க உட்காருமுன் இவர் போனை அணைத்துவிடுவார். அண்ணையும் அப்படியே. கோயில் போன் அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அன்றைய மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

அந்த அம்மா கடையில் நின்றவர்களிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, கதவில் பலகையைத் திருப்பிப் பூட்டினார். நீங்கள் ஏன் மதாம் என்றேன். என் கண்ணால் ஆளைப் பார்க்காமல் விட்டது என் பிழை, இப்போது பார்க்கிறேன் என்றார். தன் பிழையாம். நான் கடையில் கத்தி ஒரு பத்து நிமிடம் ஆகியிருக்குமா? மெட்ரோவில் ஒரேஞ் லைன் ஏறி, மாறி இறங்கி, கடைசித் துண்டுத் தூரத்தை நானும் அவரும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். வழியெல்லாம் நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். அவர் என் கைப்பையைத் தான் வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தார்.

கோயில் வாசலில் அவர் என்னைப் பார்த்துத் தன் சப்பாத்துகளைக் கழற்றினார். உள்ளே சனம் நிறைந்திருந்தது. இவர் மணையில் இருந்தார். ஒரு பாட்டைப் படித்து நிறுத்தியிருந்தார். அண்ணை பயன் சொல்லிக்கொண்டிருந்தார். சூரன் மாமரமாகி நிற்கிற இடம். அந்த இடைவெளியில் இவர் கண்ணை மூடியபடி இருந்தார். இடது கன்னம் கொஞ்சம் புடைத்திருந்தது. முகம் வெளிறி, மேலுதட்டில் வேர்த்திருந்தது.

புராணம் படிக்கும்போது நடுவில் யாரும் எழும்ப மாட்டார்கள். பெண்கள் முன்னால் போவது எங்கள் கோயிலில் நான் கண்டதில்லை. நான் போனேன். சனத்துக்குள்ளால் வழி எடுத்து, புத்தகத்துக்கு முன்னால் போய்க் குந்தி, இவருடைய வாய்க்குக் கீழே என் உள்ளங்கையை நீட்டினேன்.

"துப்புங்கோ."

இவர் கண்ணைத் திறந்து பார்த்தார். அண்ணை பாதியில் நின்றுவிட்டார். கோயிலே பார்த்தது. எனக்கு அப்போது வெட்கம் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை.

"இஞ்சாருங்கோ, உங்கட காலைத் தின்னுறது அதுதான். முருகனாணை, துப்புங்கோ."

என்ன கண்டாரோ என் முகத்தில், துப்பினார். நார் நாராய்ச் சப்பிய வேர்த்துண்டு என் கையில் விழுந்தது. பின்னால் நின்ற சீனத்து அம்மா எட்டிப் பார்த்து, தலையை ஆட்டினார். பிறகு இவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். வீட்டில் போனில் நாக்கு நீட்டவே முரண்டு பிடித்த மனுசன், அத்தனை பேருக்கு முன்னால் கையைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். நாடி தவறித் தவறி அடிக்கிறது, நான் டாக்டர் இல்லை, என்னிடம் இதற்கு மருந்து இல்லை, ஆஸ்பத்திரிக்கு, இப்போதே என்றார் அவர். இவர் புத்தகத்தைப் பார்த்தார். சூரன் இன்னும் விழவில்லை. அண்ணைதான் புத்தகத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்:

"போம் தம்பி. சூரனை நான் பாத்துக்கொள்ளுறன். அவன் ஓடமாட்டான்."

அன்றைக்கு அண்ணை தானே படித்து, தானே பயன் சொல்லி, சூரனைத் தனியாளாக விழுத்தினாராம். அவருக்கு இராகம் வராது. ஆனாலும் அன்றைய படிப்பைப் போல ஒன்றைக் கேட்டதில்லை என்று வந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அதே இளம் டாக்டர் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். சீவலையும் சப்பிய துண்டையும் அவர் முன்னால் வைத்தேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இந்த வேர் உடம்பில் தண்ணீரையும் சாப்பாட்டு உப்பையும் பிடித்துவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடுமாம். சலம் போகிற குளிசையும் அதே பொட்டாசியத்தைத் தள்ளும். அதோடு பட்டினி விரதம். மூன்றும் சேர்ந்து இவருடைய இதயத்தைப் பிடித்து ஆட்டியிருக்கின்றன. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அது நின்றிருக்கவும் கூடும் என்றார். நெஞ்சில் வயர்களை ஒட்டி, ஆளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வெளியே நாற்காலியில் இருந்த சீனத்து அம்மாவிடம் டாக்டர் தானே வந்து கை கொடுத்து நன்றி சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த வேரைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டியதைப் பார்க்க, எனக்கு ஏனோ கோயிலில் படிப்பவரும் பயன் சொல்பவரும் இருப்பது போலவே தெரிந்தது.

இவருக்குக் கால் பழையபடி வரச் சில கிழமைகள் பிடித்தன. வந்தது. மகள் ஒரு பூச்செண்டு வாங்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போய், தன் நல்ல பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாள். கேட்டதில் பாதிதான் அந்த அம்மாவுக்கு விளங்கியிருக்கும். பூ விளங்கியது.

அதன் பிறகு வேலை முடிந்து போகும் வழியில் நான் அங்கே அடிக்கடி ஏறுவதுண்டு. வாங்குவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. அவர் இழுப்பறை திறக்கிற அழகே தனி. சிவப்புப் பேரீச்சை போன்ற பழத்தையும், கண்ணுக்கு நல்லது என்று சொல்கிற சின்னச் சிவப்பு வற்றலையும் யாரும் கேட்டால் சிரித்துக்கொண்டே நிறுத்துக் கொடுப்பார். ஜின்செங் வேர் கேட்டு வருகிறவர்களைச் சும்மா விடமாட்டார். பிரஷரா, சீனி வருத்தமா, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறாயா என்று துருவுவார். பிள்ளை பெற்ற பெண்களுக்கு அவர்கள் கோழி சூப்பில் போடுகிற வாசனை வேர் ஒன்று உண்டு. இரத்தக் குளிசை எடுக்கிறவர்களுக்கும், வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கும் அதைக் கொடுக்கவே மாட்டார். பெட்டியில் அடைத்து வருகிற மருந்து என்றால், கனடா அரசாங்கத்தின் அனுமதி இலக்கம் போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். போனில் ஓடர் பண்ணி வாங்குகிறவற்றை நம்பாதே என்பார்.

ஒரு நாள் அவரிடம் மனம் விட்டுச் சொன்னேன். நீங்கள் கேட்டீர்கள், உங்கள் நாட்டு வேர் ஏதும் உண்டா என்று. நான் இல்லை என்றேன், சாமித்தட்டில் இருப்பதை மருந்து என்று எண்ணவே எனக்குத் தோன்றவில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"எங்கட ஆக்களும் அப்படித்தான். டாக்டர் கேட்டால், மருந்து ஒண்டும் எடுக்கேல்லை எண்டுவினம். வீட்டில சட்டி நிறைய வேர் கொதிக்கும். சூப்புக்குள்ள போட்டால் அது சாப்பாடாம்."

அடுத்த வருடச் சஷ்டிக்கு, டாக்டரிடம் கேட்டுவிட்டு, இவர் ஒரு நேரம் சாப்பிட்டு விரதம் இருந்தார். தொண்டைக்குச் சுடுதண்ணீர் மட்டும். கடைசி நாள் அந்த அம்மாவை வரச்சொல்லியிருந்தேன். ஒரு பை நிறையத் தோடம்பழங்களோடு வந்து, பெண்கள் பக்கத்தில் என்னோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு சொல்லும் விளங்காமலே கடைசி வரை கேட்டார். இவருடைய குரலில் முந்திய மினுக்கம் இல்லை, கொஞ்சம் கரகரத்தது. ஆனால் சூரன் விழுகிற பாட்டை இவரே படித்தார். படித்து முடித்து, யாருடைய கையையும் பிடிக்காமல் எழும்பி வந்து, அவரைக் கும்பிட்டார். பிறகு அண்ணைக்குக் கேட்கும்படி, "முருகன் மயிலிலதான் வருவான் எண்டு இவ்வளவு காலமும் இருந்திட்டன் அண்ணை, ஒரேஞ் லைனிலயும் வருவான் போல கிடக்கு" என்றார்.

எங்கள் சாமியறையில் விபூதித் தட்டு அப்படியே இருக்கிறது. டப்பா இருந்த இடம் காலி. அந்த வேரின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது தன் குணத்தைத்தான் செய்தது. அதை அறிந்து போடாமல் விட்ட ஒரு கையையும், அறியாமல் அள்ளி நிரப்பிய ஒரு கையையும் நான் ஒரே கிழமையில் கண்டேன். இன்றைக்கும் எந்த மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ, வேறு ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்டால், வாய்க்கு வருகிற "இல்லை"யைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, சமையலறையிலிருந்து சாமியறை வரை மனதாலே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.